சொல்லும் அதன் சுற்றமும்
சொற்சேர்க்கை ஆய்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மொழியிலே சொற்கள் தனித்து வாழ்வதில்லை. மழை பெய்கின்றது, காற்று வீசுகின்றது, வெயில் எறிக்கின்றது. 'மழை வீசுகின்றது' என்றோ 'வெயில் பெய்கின்றது' என்றோ எவரும் இயல்பாகக் கூறார். இலக்கண வரம்பை மட்டும் கொண்டு நோக்கினால் இத்தொடர்களிற் பிழையில்லை. எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடம் என்பனவற்றில் இயைந்தே நிற்கின்றன. ஆயினும் தமிழறிந்தார் செவி அவற்றை ஏற்பதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடும் என்பதை மொழி பேசுவோர் நீண்ட காலப் பழக்கத்தால் வரையறுத்து வைத்துள்ளனர். இவ்வாறு சொற்கள் ஒன்றையொன்று நாடி அடுத்தடுத்து வரும் இயல்பே 'சொற்சேர்க்கை' என மொழியியலாரால் வழங்கப்படுகின்றது.

இவ்வியல்பை மொழி பேசும் ஒவ்வொருவரும் அறிவர். ஆனால் அறிந்ததை நிறுவுவது எங்ஙனம்? ஒரு சொல்லின் சுற்றம் யாது என்பதை அறிஞர் ஒருவரின் மொழியுணர்வைக் கொண்டு துணிவதா, அன்றி மக்கள் எழுதியும் பேசியும் விட்டுச்சென்ற பெருந்தொகையான சான்றுகளைத் திரட்டி எண்ணித் துணிவதா? கடந்த நூற்றாண்டின் மொழியியல் வரலாற்றிலே இவ்வினா கடும் வாதப் பிரதிவாதங்களுக்கு இடமளித்தது. இரண்டாவது வழியே 'தரவகம்' எனப்படும் மொழிச் சான்றுத் தொகுதியின் வழி. அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதனால் தமிழாய்வுக்கு விளையக்கூடிய பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபில் ஒரு முன்னோடி

சொற்சேர்க்கை பற்றிய உணர்வு தமிழிலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கத்திலே, வெவ்வேறு வினைகளுக்குரிய பல பொருள்களை அடக்கிய ஒரு பொதுப்பெயரை, அப்பொருள்களுள் ஒன்றற்கே உரிய வினையைக் கொண்டு முடித்தல் ஆகாது என்னும் விதி காணப்படுகின்றது. உரையாசிரியர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. அடிசில் என்பதனுள் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன யாவும் அடங்கும். ஆதலின் 'அடிசில் உண்டார்' என்னாது 'அடிசில் அயின்றார்' எனல் வேண்டும். அணி என்பதனுள் கவிப்பன, பூண்பன, செறிப்பன எல்லாம் அடங்குதலால் 'அணி அணிந்தார்' எனப் பொதுவினை கொடுத்தல் வேண்டும். மரபியலோ எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என விரித்துரைக்கின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, கன்று முதலியன யாவும் இளமையையே குறிப்பினும் அவை எல்லாவிடத்தும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதில்லை.

பொருளால் ஒத்த சொற்கள் சேர்க்கையால் வேறுபடும் என்னும் உண்மை ஈண்டுத் தெளிவாகவே உணரப்பட்டுள்ளது. எனினும் இலக்கணகாரரின் நோக்கம் மரபுவழுவை விலக்குதலாகும். எச்சேர்க்கை எத்துணை முறை வழங்குகின்றது, எங்கு வழங்குகின்றது, அதனாற் பெறப்படும் பொருள் நுட்பம் யாது என்னும் வினாக்கள் அவர்க்கு எழவில்லை. அவை எழுதற்கு முன் நூல்களிற் சிதறிக்கிடக்கும் ஒரு சொல்லின் வழக்குகள் யாவற்றையும் ஒருங்கே கண்முன் கொணரும் கருவியொன்று தேவைப்பட்டது.

அடைவுகளும் அகராதிச் சீட்டுகளும்

அக்கருவி ஐரோப்பாவிலே சமயத் தேவையின் பொருட்டுத் தோன்றியது. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே பாரிசிலிருந்த தொமினிக்கன் துறவியர், சென் ஷேரைச் சேர்ந்த ஹியூ என்பாரின் வழிகாட்டலில், இலத்தீன் விவிலியத்திற்குச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தனர். பிரசங்கம் செய்வோர்க்கும் வாதிடுவோர்க்கும் வேண்டிய வசனத்தை விரைந்து காட்டுவதே அதன் பணி. முதலில் அமைந்த அடைவு ஒவ்வொரு சொல்லும் வரும் இடத்தை மட்டுமே சுட்டிற்று. சொல்லைச் சூழ்ந்து நின்ற தொடர் தரப்படாமையின் அது போதிய பயன் தரவில்லை. அடுத்து அமைந்த அடைவிலே முழு வசனங்களும் எழுதப்பட்டன. அதனால் நூல் அளவிறந்து பெருத்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் தோன்றிய மூன்றாவது அமைப்பு, சொல்லோடு அதன் முன்பின் சில சொற்களை மட்டும் தந்து இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. ஒரு சொல்லை விளங்குதற்கு அதனைச் சூழ்ந்த சில சொற்கள் வேண்டும். அச்சில சொற்களே பெரும்பாலும் போதும் என்னும் உண்மை இவ்வாறு நடைமுறைத் தேவையினால் வெளிப்பட்டது. இற்றைக் கணினியாய்வாளர் கையாளும் முறையின் வித்து இதுவேயாகும்.

19ஆம் நூற்றாண்டிலே ஒக்ஸ்போட் ஆங்கில அகராதிப் பணி இம்முயற்சியை வேறொரு தளத்திற்கு உயர்த்தியது. 1857இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் முளைவிட்டு, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவ்வகராதிக்கு, நூற்றுக்கணக்கான தொண்டர்கள் நூல்களைப் படித்து மேற்கோட் சீட்டுகளை அனுப்பினர். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே அச்சீட்டுகளை வகைப்படுத்தியபோது வியப்பான குறையொன்றைக் கண்டார். ஆங்கிலத்தில் வழக்கிறந்த 'அபியூஷன்' என்னும் சொல்லுக்கு ஏறத்தாழ 50 சீட்டுகள் வந்திருந்தன. நாடோறும் வழங்கும் 'அபியூஸ்' என்னும் சொல்லுக்கோ ஐந்துதானும் இல்லை. தொண்டர்கள் கடமையில் தவறியவரல்லர். மனிதக் கண்ணின் இயல்பே அதுவாகும். புதுமையானது அதன் கவனத்தை ஈர்க்கின்றது. வழமையானது கண்டுகொள்ளப்படாமற் போகின்றது. மொழியின் பெரும்பகுதியோ வழமையானவற்றாலேயே ஆனது. மறே கண்ட இக்குறை, வேண்டியவற்றைப் பொறுக்கி எடுக்காது எல்லாவற்றையும் எண்ணும் முறையொன்றின் தேவையை உணர்த்திற்று.

பாமரும் பேர்த்தும்

சொற்சேர்க்கை தனியொரு ஆய்வுப் பொருளாக உருப்பெற்றமைக்கு ஆங்கிலத்தைப் பிறமொழியாளர்க்குக் கற்பிக்கும் முயற்சியும் ஒரு காரணமாகும். 1922இல் யப்பானுக்குச் சென்ற ஹரோல்ட் பாமர், அடுத்த ஆண்டு டோக்கியோவில் நிறுவப்பட்ட ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். யப்பானிய மாணவர் இலக்கணத்தையும் சொற்பொருளையும் செவ்வனே கற்றும், ஆங்கிலேயர் ஒருபோதும் கூறாத தொடர்களை அமைத்தமையை அவர் அவதானித்தார். சொற்களைத் தனித்தனியே கற்பித்ததே இதற்குக் காரணம் எனக் கண்ட அவர், ஒன்றாகவே கற்கப்பட வேண்டிய சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் அறிக்கையாக வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹோன்பி பின்னர்த் தொகுத்த மாணவர் அகராதி, 1948 முதல் ஒக்ஸ்போட் வெளியீடாக உலகெங்கும் பரவியது.

பாமர் கற்பித்தலின் பொருட்டுக் கண்டதை மொழிக் கோட்பாடாக உயர்த்தியவர் ஜே. ஆர். பேர்த் ஆவார். 1920களில் லாகூரிலே பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த இவர், 1944இல் இலண்டனிலே பிரித்தானியாவின் முதலாவது பொது மொழியியற் பேராசிரியரானார். தமிழோடும் இவர்க்குத் தொடர்புண்டு. ஆடன் பாதிரியார் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணத்தின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பிலே தமிழ் ஒலிப்புப் பற்றிய பின்னிணைப்பை வரைந்தவர் இவரே. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் செல்வாக்கினால், சொல்லின் பொருளை அது வழங்கும் சூழலினின்றும் பிரித்தெடுக்கலாகாது என்னும் கருத்து இவரிடம் வேரூன்றியிருந்தது. 1951இலும் 1957இலும் வெளிவந்த கட்டுரைகளிலே, ஒரு சொல் எவ்வெச்சொற்களோடு பழகுகின்றதோ அப்பழக்கமே அதன் பொருளின் ஒரு கூறாகும் என அவர் வாதிட்டார். 'இருள்' என்பதும் 'இரவு' என்பதும் அடுத்தடுத்து வருதலால் ஒன்றன் பொருளிலே மற்றொன்றன் சாயல் படிந்துவிடுகின்றது என்பது அவர் காட்டும் சான்று. சொல் சொல்லோடு சேர்தலைப் போலவே, சொல் குறித்த இலக்கண வடிவங்களோடு சேர்தலும் ஆராயத்தக்கது என்றார் அவர். ஆயினும் பேர்த் தம் கோட்பாட்டைப் பெருந்தொகைச் சான்றுகளில் வைத்துச் சோதித்தாரல்லர். அதற்கான கருவி அவர் காலத்தில் அப்பொழுதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

எந்திரத்தின் வருகை

மொழியாய்வுக்கு எந்திரத்தை முதன்முதலாகப் பெருமளவிற் பயன்படுத்தியவருள் ஒருவர் இத்தாலிய யேசுசபைத் துறவி றொபேட்டோ பூசா ஆவார். தோமஸ் அக்குவைனஸின் இலத்தீன் நூல்களிலே இறைப் பிரசன்னம் பற்றிய கருத்தை ஆராயப் புகுந்த இவர், 'பிரசன்னம்' என்னும் சொல் வரும் இடங்களைத் தேடினார். அச்சொல் அக்குவைனஸின் சிந்தனையிலே மையமானதன்று என்பதும், 'இல்' எனப் பொருள்படும் சிறிய முன்னிடைச்சொல்லும் அதனோடு சேரும் சொற்களுமே அக்கருத்தைத் தாங்கி நிற்கின்றன என்பதும் அவர்க்குப் புலனாயின. அவ்விடைச்சொல் வரும் வாக்கியங்களை ஏறத்தாழ 10,000 அட்டைகளிற் கையால் எழுதித் தம் ஆய்வை நிறைவு செய்த அவர், எல்லாச் சொற்களுக்கும் அத்தகைய அடைவு வேண்டுமெனக் கருதி 1949இல் அமெரிக்காவுக்குச் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவரின் உதவியைப் பெற்றார். துளையட்டையிலே தொடங்கிய அப்பணி 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. அகராதிகள் பொருளற்றவை போலப் புறந்தள்ளும் இடைச்சொற்கள் சிந்தனையின் அச்சாணியாக அமையலாம் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

1960களில் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்திலே நெல்சன் பிரான்சிசும் ஹென்றி குச்சேராவும் முதலாவது கணினித் தரவகத்தை அமைத்தனர். 1961இல் அமெரிக்காவில் அச்சான பத்திரிகை, சமயம், அறிவியல், புனைகதை முதலிய 15 வகை எழுத்துகளிலிருந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. மொத்தம் பத்து இலட்சம் சொற்கள். இன்று சிறியதாகத் தோன்றும் இத்தொகை அன்று பெருஞ்சாதனையாகும்.

ஆனால் அக்காலச் சிந்தனைப் போக்கு இம்முயற்சிக்குச் சாதகமாயிருக்கவில்லை. 1957இல் நோம் சொம்ஸ்கியின் தொடரியல் நூல் வெளிவந்தது. மொழி எல்லையற்ற வாக்கியங்களைத் தோற்றுவிக்கும் ஆற்றல். எத்துணைப் பெரிய சான்றுத் தொகுதியும் எல்லைக்குட்பட்டதே. ஆதலின் தொகுதியிற் காணப்படுவதைக் கொண்டு மொழியின் இலக்கணத்தை வரையறுக்கவியலாது என்பது அவர் தரப்பு வாதம். மொழி பேசுவோனின் உள்ளுணர்வே தக்க சான்றாயிற்று. வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை இவ்வாதத்திலே வலுவுண்டு. ஆனால் சொற்சேர்க்கையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. எது சாத்தியம் என்பதை உள்ளுணர்வு கூறும். எது வழமை என்பதைக் கூறுவதில் அது அடிக்கடி தவறுகின்றது. மறேயின் தொண்டர்களுக்கு நேர்ந்தது அதுவே.

பேர்மிங்காம் ஆய்வுகள்

பேர்த்தின் கோட்பாட்டையும் கணினியின் ஆற்றலையும் இணைத்த பெருமை யோன் சின்கிளேயரைச் சாரும். எடின்பரோவிற் பணிதொடங்கி 1965இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், சிறு குழுவொன்றுடன் ஏறத்தாழ 1,35,000 சொற்கள் கொண்ட பேச்சு ஆங்கிலத் தொகுதியைக் கணினியில் ஆராய்ந்து 1970இல் அறிக்கை சமர்ப்பித்தார். ஆராயப்படும் சொல்லை மையச்சொல் எனவும், அதன் இருமருங்கும் நோக்கப்படும் எல்லையை வீச்சு எனவும் வகுத்து, இருபுறமும் நந்நான்கு சொற்களைக் கொண்ட வீச்சினுள்ளேயே சேர்க்கையின் தாக்கம் பெரும்பாலும் அடங்குகின்றது என அவ்வாய்வு கண்டது. 13ஆம் நூற்றாண்டுத் துறவியர் தேவையால் வந்தடைந்த முடிவை இது எண்ணிக்கையால் நிறுவியது எனலாம்.

1980இல் கொலின்ஸ் வெளியீட்டகத்தின் நிதியுதவியுடன் அங்கு 'கோபில்ட்' அகராதித் திட்டம் தொடங்கியது. 73 இலட்சம் சொற்கள் கொண்ட மூலத் தரவகத்தையும் பின்னர்ச் சேர்த்தவற்றையும் கொண்டு 1987இல் அகராதி வெளியாயிற்று. அதன் எடுத்துக்காட்டுகள் ஆசிரியரின் கற்பனையில் தோன்றாது தரவகத்திலிருந்து பெறப்பட்டன. இப்பணியின்போது எவரும் எதிர்பாராத உண்மைகள் வெளிப்பட்டன. தொடங்கி நிலைத்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'செட் இன்' என்னும் கூட்டுவினையை அகராதிகள் நடுநிலையான சொல்லாகவே கருதின. அதற்கு எழுவாயாக வந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்கியபோது அழுகல், சிதைவு, தொற்று, அவநம்பிக்கை என விரும்பத்தகாதனவே மிகப் பெரும்பான்மையாக அமைந்தன. மொழியை நன்கறிந்த அகராதியாளரும் அதுவரை இதனை எடுத்துரைத்திலர். ஒரு சொல் தன் சுற்றத்தினின்றும் பெறும் இத்தகைய நலன் அல்லது தீமைச் சாயல், 1993இல் பில் லோ எழுதிய கட்டுரையின் பின் 'பொருட்சாயல்' என்னும் கருத்தில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது.

1991இல் வெளியான நூலிலே சின்கிளேயர் தம் முடிவுகளைத் தொகுத்துரைத்தார். பேசுவோர் ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்து வாக்கியத்தைக் கட்டுகின்றனர் என்பது பாதி உண்மையே. முன்னரே இணைந்துள்ள சொற்றொகுதிகளை அவ்வாறே எடுத்தாளுதல் மொழியின் மற்றொரு பெருநெறியாகும் என்பது அவர் துணிபு.

எண்ணுதலும் பொருள்கோடலும்

இரு சொற்கள் அடுத்து வந்தன என்பதனாலேயே அவை சேர்க்கையாகிவிடா. மிகுதியாக வழங்கும் சொற்கள் தற்செயலாகவும் அடுத்து வரும். எனவே எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதியாக வருகின்றனவா என்பதே வினா. இதனை விளக்கக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோமாயின், பத்து இலட்சம் சொற்களுள்ள தரவகத்திலே ஒரு சொல் 1,000 முறையும் மற்றொன்று 200 முறையும் வருகின்றன. தற்செயலாக அவை அடுத்தடுத்து வரத்தக்க அளவு 0.2 முறையே. உண்மையில் 20 முறை வந்திருப்பின் அது எதிர்பார்ப்பின் நூறு மடங்காகும். அவற்றிடையே உறவுண்டு எனத் துணியலாம்.

1990இல் கென்னத் சேர்ச்சும் பற்றிக் ஹாங்ஸும் இவ்விகிதத்தை இரண்டின் அடிமானத்து மடக்கையாக அளக்கும் முறையை அகராதிப் பணிக்குப் புகுத்தினர். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அவ்வளவை 6.6 ஆகும். ஆனால் இதில் ஓர் இடருண்டு. அதே தரவகத்தில் ஒரேயொரு முறை வரும் இரு சொற்கள் தற்செயலாக அடுத்து வந்துவிடின் அவற்றின் அளவை 19.9 ஆக உயர்ந்துவிடும். அச்சுப்பிழையொன்று கூட மொழியின் மிக வலிய சேர்க்கையாகத் தோற்றமளிக்கலாம். இதனைத் தவிர்க்க, சான்றுகளின் தொகையையும் கருத்திற்கொள்ளும் வேறோர் அளவை துணையாகக் கொள்ளப்படுகின்றது. அதன்படி முன்னைய இணை 4.4 பெற, பின்னையது 1 மட்டுமே பெறுகின்றது. ஒரே சான்றுத் தொகுதி இரு அளவைகளால் இரு வேறு பட்டியல்களைத் தருகின்றது என்பது இதனாற் பெறப்படும். எண் தானாகப் பேசுவதில்லை. எவ்வெண்ணைக் கேட்பது என்பதை ஆய்வாளனே தீர்மானிக்கின்றான்.

பட்டியல் கிடைத்தபின் மீண்டும் வரிகளுக்குத் திரும்பி ஒவ்வொன்றையும் படித்தல் இன்றியமையாதது. சேர்க்கை எவ்வகை எழுத்தில் வருகின்றது, ஒரே ஆசிரியரிடம் மட்டும் வருகின்றதா, நேர்ப்பொருளிலா எள்ளலிலா வருகின்றது என்பவற்றை எண்ணிக்கை காட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தரவகத்தில் எவருடைய மொழி இடம்பெற்றுள்ளது என்னும் வினா அடிப்படையானது. பத்திரிகைகளால் மட்டும் அமைந்த தரவகம் பத்திரிகையாளரின் மொழியையே காட்டும். 1994இல் நிறைவுற்ற பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானியத் தேசியத் தரவகத்திலும் பேச்சுமொழியின் பங்கு பத்தில் ஒன்றேயாகும். அச்சு வசதி பெற்றோரின் மொழி மிகுதியாகவும் பெறாதோரின் மொழி குறைவாகவும் பதிவாதல் சமூக ஏற்றத்தாழ்வின் விளைவு என்பதை மறத்தலாகாது.

தமிழாய்வும் சொற்சேர்க்கையும்

தமிழிலே சொல்லடைவுப் பணி கணினிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. வ. ஐ. சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளியாயிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளில் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது. 1990களின் தொடக்கத்தில் தோமஸ் லேமனும் தோமஸ் மால்ற்றனும் கணினியின் துணையுடன் சங்க இலக்கியச் சொல்லடைவைத் தொகுத்தனர்.

ஈழத்தவர் பங்களிப்பிலே பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு தனியிடம் பெறுவது. ஹோமரின் காவியங்களிலே குறித்த யாப்பு நிலையில் குறித்த கருத்தை உணர்த்த மீண்டும் மீண்டும் வரும் சொற்றொகுதிகளை மில்மன் பரி ஆராய்ந்து, அவை வாய்மொழிப் பாடன்மரபின் அடையாளங்கள் என நிறுவியிருந்தார். அம்முறையைச் சான்றோர் செய்யுட்களிற் பொருத்திய கைலாசபதி, 'நெடுந்தேர்', 'கடுமான்' என்பன போன்று அடையும் பெயரும் நிலைபெற்றிணைந்த தொடர்களைப் பாணர் மரபின் பின்னணியில் விளக்கினார். பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் இவ்வாய்வேட்டை அவர் நிறைவு செய்தது 1966இல், பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலாகும். அதற்கு முந்திய ஆண்டிலேதான் சின்கிளேயர் அங்குப் பேராசிரியராகப் பொறுப்பேற்றிருந்தார். ஒருவர் வீரயுகச் செய்யுளிலும் மற்றவர் அன்றாடப் பேச்சிலும் ஆராய்ந்தது ஒன்றையே: சொற்கள் கூட்டமாக வரும் இயல்பு. வேறுபாடும் உண்டு. பரியும் கைலாசபதியும் கண்ட வாய்பாடு யாப்போடும் பாடுவோனின் தேவையோடும் பிணைந்தது. சின்கிளேயர் கண்ட சேர்க்கை அத்தகைய கட்டுப்பாடின்றிப் பேசுவோர் அறியாமலே நிகழ்வது. எனினும் சொற்சேர்க்கையிலிருந்து சமூகத்தை நோக்கிச் செல்லலாம் என்பதற்குக் கைலாசபதியின் நூல் தக்க சான்றாகும்.

தற்காலத் தமிழிலே இவ்வாய்வுக்கு இடம் பரந்துள்ளது. 'நேர்தல்' என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம். நிகழ்தல் என அகராதி பொருள் கூறும். ஆயினும் விபத்து நேர்ந்தது, இழப்பு நேர்ந்தது, தவறு நேர்ந்தது என்பன செவிக்கு இயல்பாயிருக்க, 'திருமணம் நேர்ந்தது', 'வெற்றி நேர்ந்தது' என்பன இடறுகின்றன. வேண்டாதது வந்துறுதலை இவ்வினை உணர்த்துகின்றதோ என்னும் ஐயம் எழுகின்றது. மறுபுறத்தில், 'படு' என்னும் துணைவினை கவலை, வேதனை, பொறாமை என்பவற்றோடு கூடுதலைக் கண்டு அதுவும் தீமைச் சாயலுடையது எனத் துணியின், ஆசைப்படுதலும் பெருமைப்படுதலும் எதிர்நிற்கின்றன. உள்ளுணர்வு தரும் இத்தகைய ஊகங்களைச் சோதித்து ஏற்கவோ தள்ளவோ தரவகம் வேண்டும்.

இதிலே தமிழுக்கேயுரிய இடர்களும் உள. 'பொய் சொன்னான்' எனப் பிரித்தும் 'பொய்சொன்னான்' எனச் சேர்த்தும் எழுதப்படுதலால் எது ஒரு சொல் என்பதே சிக்கலாகின்றது. ஒரு வினையடி ஏற்கும் விகுதிகள் பலவாதலால் அவையெல்லாவற்றையும் ஓரடியின்கீழ்க் கொணர்ந்த பின்னரே எண்ணுதல் இயலும். சந்தியாற் சொல்லின் உருவம் திரிதலும் உண்டு. ஆங்கிலத்துக்கு வகுத்த நந்நான்கு சொல் வீச்சு தமிழுக்கும் பொருந்துமா என்பதையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையான பிரச்சினை யாருடைய தமிழ் எண்ணப்படுகின்றது என்பதாகும். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே உரையாடுதலைக் குறிப்பது 'கதைத்தல்'. 'பேசுதல்' என்பது கண்டித்தல் என்னும் பொருளிலும், கலியாணம், விலை முதலியவற்றோடு கூடி ஒழுங்குசெய்தல் என்னும் பொருளிலும் சிறப்பாக வழங்குகின்றது. 'தந்தை மகனோடு பேசினார்' என்பதற்கும் 'தந்தை மகனைப் பேசினார்' என்பதற்கும் இடையே வேற்றுமையுருபு ஒன்றே வேறுபாடு. பொருளோ முற்றிலும் வேறு. பேர்த் வற்புறுத்திய இலக்கணச் சேர்க்கைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தமிழகத்துப் பத்திரிகைகளை மட்டும் கொண்டு அமையும் தரவகத்திலே 'கதை' பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே நிற்கும். கண்டித்தற் பொருளிலான 'பேசுதல்' எண்ணிக்கையில் மங்கி மறையும். எண்ணிக்கையில் மறைந்தது நாளடைவில் அகராதியிலும் பாடநூலிலும் மறைதல் இயல்பே. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பிலே இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கு இடமளித்தமை இவ்வகையிற் பாராட்டத்தக்கது. ஆயினும் அகராதியில் இடம்பெறுதல் வேறு. அச்சொற்களின் சுற்றம் முழுவதும் ஆராயப்படுதல் வேறு.

சொற்சேர்க்கை ஆய்வுக்கு மூலதனம் எழுத்துச் சான்றுகளே. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் கிடைத்தற்கரிய ஏடுகளும் பழைய பத்திரிகைகளும் அடங்கும். ஒரு பிரதேச மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லோடு சொல்லைச் சேர்த்து வழங்கியமைக்கான சான்றும் அவற்றோடு அழிந்தது என்பதை மொழி மாணவர் உணர்தல் வேண்டும். 2005இல் தோன்றிய நூலகம் எண்ணிம நூலகம், எஞ்சிய நூல்களையும் சஞ்சிகைகளையும் படிமங்களாகத் திரட்டி வருகின்றது. இது பெருந்தொண்டு. எனினும் படிமம் படித்தற்குரியது. எண்ணுதற்கு அது எந்திரம் வாசிக்கத்தக்க எழுத்தாக மாறுதல் வேண்டும். பேச்சுமொழியோ ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கினாலன்றிக் கிட்டாது. மட்டக்களப்பு, மலையகம், வன்னி, மன்னார், முஸ்லிம் மக்கள் வாழும் தென்கிழக்கு என ஒவ்வொரு வழக்கும் தனித்தனியே தொகுக்கப்படல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், சொற்சேர்க்கை ஆய்வின் வரலாறு மனித நினைவின் எல்லையை உணர்ந்து அதனைக் கடக்க முயன்ற வரலாறாகும். துறவியர் அட்டவணையிட்டனர்; தொண்டர் சீட்டெழுதினர்; பூசா அட்டை துளைத்தார்; சின்கிளேயர் வரி வரியாகக் கணினியில் நோக்கினார். கருவி மாறினும் அடிப்படை ஒன்றே: மொழியைப் பற்றிக் கூறுமுன் மொழி வழங்கப்படும் முறையைக் காணுதல் வேண்டும். வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்யப்பட்டது எனத் தொல்காப்பியப் பாயிரம் கூறுதல் இங்கு நினையத்தக்கது. செய்யுளுக்கு அடைவுகள் உள. வழக்குக்கு, அதிலும் ஈழத்து வழக்குக்கு, அத்தகைய பணி இன்னும் பெரும்பாலும் செய்யப்படாதே கிடக்கின்றது. அதனைச் செய்யும் பொறுப்பு இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளையும் அவற்றிற் பயிலும் மாணவரையுமே சாரும்.